மன்னனுக்கும் மேலே ஒன்று!

1607ஆம் ஆண்டு நவம்பர் மாதம். லண்டன் மாநகரிலே மன்னன் முதலாம் ஜேம்சு கொலுவிருக்கிறான். நீதிபதிகள் எதிரே நிற்கிறார்கள். பக்கத்திலே தலைமைப் பாதிரியார் பான்கிராப்ட். அவர் மன்னன் காதுக்கு இனிப்பாக ஒரு தத்துவம் பேசுகிறார். நீதிபதிகள் யார்? மன்னரின் ஏவலாளர்கள். அவர்கள் கையிலுள்ள அதிகாரம் யாருடையது? மன்னருடையது. அப்படியானால், விரும்பும் வழக்கை அவர்களிடமிருந்து எடுத்து மன்னரே தீர்ப்பளித்தால் தவறென்ன?

மன்னன் மகிழ்ந்தான். சட்டம் என்பது அறிவின் மீது எழுந்தது என்கிறீர்கள். அந்த அறிவு எனக்கு இல்லையா, நீதிபதிக்கு மட்டும்தான் உண்டா என்று கேட்டான்.

அந்த அவையிலே ஒருவர் வாய் திறந்தார். மன்னருக்கு இயற்கை அறிவு ஏராளம் உண்டு. ஆனால் குடிமக்களின் உயிரையும் உடைமையையும் பற்றிய வழக்குகள் இயற்கை அறிவால் தீர்வதல்ல, நெடுங்காலப் படிப்பாலும் பழக்கத்தாலும் வரும் சட்ட அறிவால் தீர்வன என்றார்.

சீறினான் மன்னன். அப்படியானால் நான் சட்டத்துக்குக் கீழா? அப்படிச் சொல்வது ராஜத் துரோகம் அல்லவா?

மன்னர் எந்த மனிதனுக்கும் கீழல்ல. ஆனால் ஆண்டவனுக்கும் சட்டத்துக்கும் கீழேதான் என்று, 13ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் பிராக்டன் எழுதிவைத்ததை எடுத்துக்காட்டினார் அந்த நீதிபதி.

அவர் பெயர் எட்வர்டு குக். ஏட்டிலே 'கோக்' என்று எழுத்து. வாயிலே 'குக்' என்று உச்சரிப்பு.

தோழர்களே! 'வெள்ளைக்காரன் கதை நமக்கெதற்கு? ஆலைச் சங்கு ஊதினால் ஓடுகிறவனுக்கும், தறியிலே உட்கார்ந்தால் எழ முடியாதவனுக்கும், நானூறு ஆண்டுக்கு முந்திய சீமை நீதிபதியால் ஆகப்போவதென்ன?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். உன்னை ஒரு காவலர் கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும் என்று இன்று சட்டம் இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது? உன்மீது புகார் கொடுத்தவனே உன் வழக்கை விசாரிக்கும் நீதிபதியாக உட்கார முடியாது என்கிறார்களே, அதை யார் நிலைநாட்டியது? சட்டசபை சம்மதமில்லாமல் ஒரு காசு வரிகூடப் போட முடியாது என்கிறோமே, அதற்காகச் சிறை சென்றவர்கள் யார்? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் விடை தேடிப் போனால், வழியிலே இந்தக் கிழவர் தாடியைத் தடவிக்கொண்டு நிற்கிறார். அவரைச் சந்திக்காமல் போக முடியாது.

1552ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், நார்போக் மாவட்டத்து மைலாம் என்ற ஊரிலே பிறந்தார். தந்தை வழக்கறிஞர், மகனுக்கு ஒன்பது வயது ஆனபோதே மறைந்துவிட்டார். நார்விச்சுப் பள்ளி, கேம்பிரிட்ஜ் கல்லூரி, பிறகு லண்டனில் சட்டப் படிப்பு. 1578இல் வழக்கறிஞர். 1592இல் அரசாங்கத்தின் இரண்டாம் வழக்கறிஞர். 1593இல் காமன்ஸ் சபையின் சபாநாயகர். 1594இல் அரசாங்கத்தின் தலைமை வழக்கறிஞர். அந்தப் பதவிக்கு அவரோடு போட்டியிட்டுத் தோற்றவர் யார் தெரியுமா? பிரான்சிசு பேக்கன், தத்துவ மேதை என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தோமே, அவரேதான். அன்று தொடங்கிய பகை இருவர் வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது.

நமக்குத் தேவை வரலாறு, துதி அல்ல. ஆகவே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அரசாங்க வழக்கறிஞராக இருந்த குக், மக்களின் காவலர் அல்லர்; மகுடத்தின் வேட்டைநாய்! சித்திரவதைக்கு அனுமதி தந்த ஆணைகளில் அவர் பெயரும் உண்டு. 1603ஆம் ஆண்டு வின்செஸ்டர் நகரிலே கடலோடி வால்ட்டர் ராலேயைத் துரோகி என்று குற்றக்கூண்டில் நிறுத்தினார்கள். 'என்மீது குற்றம் சொன்னவனை என் கண்ணெதிரே கொண்டுவந்து நிறுத்துங்கள்; அவன் என் முகம் பார்த்துச் சொல்லட்டும்' என்பதுதான் ராலேயின் கோரிக்கை. மறுத்தார்கள். சாட்சி வரவில்லை, எழுதிய காகிதம் வந்தது. அரசுத் தரப்பிலே நின்ற குக், எதிரே நின்றவரைப் பாம்பு என்றும் துரோகி என்றும் வசைமாரி பொழிந்தார். தண்டனை கிடைத்தது. பதினைந்து ஆண்டு கழித்து, 1618இல், அதே தண்டனையைக் காட்டி ராலேயின் தலையை வெட்டினார்கள்.

இந்த மனிதரா பிறகு மன்னனை எதிர்த்தார்? ஆம், இவரேதான். 1606இல் அவரைத் தலைமை நீதிபதி ஆசனத்தில் அமர்த்தினார்கள். நமக்கு உழைத்தவன், நம் ஆள் என்று எண்ணித்தான் அரண்மனை அமர்த்தியது. ஆனால் சட்டப் புத்தகத்தைத் தவிர வேறெதையும் காதலிக்காத அந்த மனிதர், ஆசனத்தில் அமர்ந்ததும் அந்தச் சட்டத்துக்கு ஆளானார்.

1607ஆம் ஆண்டுக் காட்சியைப் பற்றியும் இன்னொரு கதை உண்டு. மேலே நான் சொன்னது குக் தாமே எழுதிவைத்த விவரம். மன்னன் கை ஓங்கி எழுந்ததும் நீதிபதி தரையிலே விழுந்து மன்னிப்புக் கேட்டார் என்று வேறு சிலர் எழுதினார்கள். விழுந்திருக்கலாம். அந்தக் காலத்தில் மன்னன் கோபம் என்றால் தலை போகும் காரியம். ஆனால் தோழர்களே, முழங்கால் மடங்கியதே தவிர, பேனா மடங்கவில்லை! மன்னனின் சிறப்பு நீதிமன்றங்களைத் தடுத்து நிறுத்தும் ஆணைகள் குக்கின் நீதிமன்றத்திலிருந்து தொடர்ந்து வந்துகொண்டே இருந்தன.

1610இல் மன்னன் கேட்டான்: நான் ஒரு பிரகடனம் போட்டு, இன்னது குற்றம் என்று அறிவித்தால் போதாதா? பாராளுமன்றம் எதற்கு? குக் உள்ளிட்ட நீதிபதிகள் விடை சொன்னார்கள்: நேற்றுவரை குற்றமாக இல்லாத ஒன்றை, மன்னர் தம் அறிவிப்பால் மட்டும் இன்று குற்றமாக்க முடியாது, நாட்டின் சட்டம் எந்த அதிகாரத்தை மன்னருக்குக் கொடுத்திருக்கிறதோ, அந்த அதிகாரம்தான் மன்னருக்கு உண்டு.

அதே ஆண்டு இன்னொரு வழக்கு. தாமசு பானம் என்று ஒரு மருத்துவர். கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றவர். லண்டன் மருத்துவர் கழகம், 'எங்கள் அனுமதி இல்லாமல் இந்நகரில் எப்படி வைத்தியம் பார்க்கலாம்?' என்று அபராதம் போட்டது. மீறியதும் சிறையில் தள்ளியது. அபராதப் பணத்தில் பாதி யாருக்கு? அபராதம் போட்ட அதே கழகத்துக்கு! புகார் சொல்பவனும் அவனே, தீர்ப்புச் சொல்பவனும் அவனே, பணத்தை எண்ணி மடியில் கட்டுபவனும் அவனே! குக் தீர்ப்பளித்தார்: தன் வழக்கிலே தானே நீதிபதியாக எவனும் இருக்கலாகாது. பாராளுமன்றச் சட்டமே ஆனாலும், பொது நியாயத்துக்கும் அறிவுக்கும் முரணாக இருந்தால் அது செல்லாது என்றும் சேர்த்துச் சொன்னார். ஆலையிலே விசாரணை என்ற பெயரில், குற்றம் சாட்டிய மேலாளரே விசாரணை அதிகாரியாகவும் உட்கார்ந்தால், 'செல்லாது, செல்லாது' என்று நம் சங்கத் தோழர் வாதாடுகிறாரே, அந்த வாதத்துக்கு 1610ஆம் ஆண்டு ஒரு மைல்கல்.

1614ஆம் ஆண்டு ஒரு தையற்காரர் வழக்கு. இப்சுவிச் நகரத்துத் தையற்காரர் சங்கம், தங்களிடம் அனுமதி பெறாமல் ஒருவன் துணி தைத்தான் என்று வழக்குத் தொடுத்தது. நேர்மையான தொழில் எதையும் செய்து பிழைக்க மனிதனுக்கு உரிமையுண்டு, அதைத் தடுக்கும் விதி செல்லாது என்றது குக்கின் நீதிமன்றம். இன்ன குலத்தில் பிறந்தவன் இன்ன தொழில்தான் செய்யலாம் என்று எழுதிவைத்த மனுவின் நாட்டிலே பிறந்த நமக்கு, இந்தத் தீர்ப்பின் அருமை புரியும். சீமையிலே தடை போட்டது சங்கம். அதை நீதிமன்றம் உடைத்தது. இங்கே தடை போட்டது சாதி. அதை உடைக்கப் பெரியார் தேவைப்பட்டார்.

1616இல் முற்றியது பகை. பாதிரியார் ஒருவருக்கு மன்னன் கொடுத்த வருமானம் செல்லுமா என்ற வழக்கு. விசாரணையை நிறுத்துங்கள், முதலில் என்னிடம் பேசுங்கள் என்று பேக்கன் மூலம் சொல்லியனுப்பினான் மன்னன். அது சட்டத்துக்கு மாறானது என்று 12 நீதிபதிகளும் கையெழுத்திட்டு எழுதினார்கள். அவர்களை வரவழைத்தான். கடிதத்தைக் கிழித்தெறிந்தான். பன்னிருவரும் மண்டியிட்டார்கள். இனிமேல் நான் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவீர்களா என்று ஒவ்வொருவராகக் கேட்டான். ஆம், ஆம், ஆம் என்று பதினொரு பேர்! ஒருவர் மட்டும், அப்படி ஒரு நிலை வரும்போது ஒரு நீதிபதி செய்யத்தக்கது எதுவோ அதைச் செய்வேன் என்றார். பதினொரு பேர் பதவியில் நீடித்தார்கள். அவர்கள் பெயரை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? அந்த ஒருவர் நவம்பரில் பதவி இழந்தார். அவர் பெயரைச் சென்னையிலே, நாலு நூற்றாண்டு கழித்து, நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பதவி போனதும் ஒரு சறுக்கல். அரசவையிலே மீண்டும் இடம்பிடிக்க, மன்னனின் செல்வாக்குப் பெற்ற பக்கிங்காம் பிரபுவின் அண்ணனுக்குத் தம் மகள் பிரான்செசை 1617இல் மணமுடித்தார். பெண்ணுக்கு விருப்பமில்லை, தாய்க்கும் விருப்பமில்லை. தாய் மறைத்துவைத்த வீட்டின் கதவை உடைத்து மகளை இழுத்துவந்தார் தந்தை. நாட்டுக்கு உரிமை பேசியவர், வீட்டிலே மன்னனாக நடந்தார்! மகளுக்கும் மனம் உண்டு என்பதை அந்தச் சட்டப்புலி உணரவில்லை. பெண்ணுரிமையை மேடைதோறும் பேசும் இயக்கம் நம்முடையது; இந்தக் கறையை வெள்ளையடிக்க நாம் ஆளல்ல.

ஆனால் 1621இல் பாராளுமன்றம் கூடியபோது, காமன்ஸ் சபையிலே கர்ச்சித்தார் குக். வயது 69. எதை எதிர்த்து? ஏகபோகத்தை எதிர்த்து!

ஏகபோகம் என்றால் என்ன? மன்னன் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பான். அதைப் பெற்றவனைத் தவிர வேறெவனும் அந்தப் பொருளைச் செய்யவோ விற்கவோ கூடாது. உப்புக்கு ஒருவன், கஞ்சிப்பசைக்கு ஒருவன், சீட்டுக்கட்டுக்கு ஒருவன். 1601ஆம் ஆண்டு சபையிலே அந்தப் பட்டியலைப் படித்தபோது, ஓர் உறுப்பினர் எழுந்து, 'ரொட்டி இந்தப் பட்டியலில் இல்லையா?' என்று கேட்டாராம். கிண்டல் போல் தோன்றும். வயிறு காய்ந்தவனுக்குத்தான் அதன் சூடு தெரியும். சீட்டுக்கட்டு ஏகபோகத்தை நீதிமன்றத்திலே ஆதரித்து வாதாடியவர் அன்றைய அரசு வழக்கறிஞர் குக், வழக்கில் தோற்றார். அதே மனிதர்தான் பின்னாளில் ஏகபோகங்களின் வேரிலே வெந்நீர் ஊற்றினார். 1624இல் ஏகபோக ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவனுக்கு மட்டும் 14 ஆண்டு உரிமை. மற்ற ஏகபோகச் சீட்டுகள், சில விலக்குகள் நீங்கலாக, செல்லாதவை ஆயின.

1621இல்தான் பேக்கனும் வீழ்ந்தார். நாட்டின் உயர்ந்த நீதி ஆசனத்தில் அமர்ந்து, வழக்காடியவர்களிடம் பணம் வாங்கினார் என்று 28 குற்றச்சாட்டுகள். ஒப்புக்கொண்டார். 40,000 பவுன் அபராதம். மன்னனுக்கு வளைந்த முதுகு, பணத்துக்கும் வளைந்திருந்தது!

ஆண்டு முடிவிலே, நாட்டு நடப்பைப் பேசும் உரிமை சபையின் பிறப்புரிமை என்று தீர்மானம் எழுதினார்கள். மன்னன் ஜேம்சு சபையின் குறிப்பேட்டை வரவழைத்து அந்தப் பக்கத்தைக் கிழித்தான். குக்கை லண்டன் கோட்டைச் சிறையில் அடைத்தான். 1622 ஆகஸ்டு வரை அங்கேயே இருந்தார். அவரை அடைத்த அறை முன்பு சமையலறையாக இருந்ததாம். 'குக்' என்றால் ஆங்கிலத்தில் சமையற்காரன் என்றும் காதில் விழும் அல்லவா? 'இந்த அறைக்கு ஒரு குக் தேவை' என்று யாரோ கதவிலே எழுதிவைத்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். ஏட்டைக் கிழித்தான், எழுதியவரைப் பூட்டினான். எண்ணத்தைப் பூட்டச் சாவி உண்டா?

ஜேம்சு போனான், மகன் முதலாம் சார்லசு வந்தான். புலிக்குப் பிறந்தது பூனையாகுமா? சபை சம்மதமில்லாமல் கட்டாயக் கடன் வசூலித்தான். தர மறுத்தவர்களைச் சிறையில் போட்டான். 'நைட்' பட்டம் பெற்ற ஐவர் நீதிமன்றம் போய், 'எங்களை ஏன் அடைத்தீர்கள்? காரணம் என்ன?' என்று 1627இல் கேட்டார்கள். மன்னரின் தனிக் கட்டளை, அதுவே காரணம் என்றது அரசு! அவர்களை விடுவிக்க மறுத்தது நீதிமன்றம். குக்கைச் சபைக்கு வரவிடாமல் தடுக்க, அவரை ஒரு மாவட்டத்துக்கு ஷெரீப் ஆக்கியிருந்தான் சார்லசு. ஷெரீப் பதவியில் இருப்பவர் ஊரைவிட்டு வரமுடியாது என்பது விதி. எவ்வளவு நயமான விலங்கு!

1628இல் அந்த விலங்கும் கழன்றது. 76 வயதுக் கிழவர் சபைக்கு வந்தார். உரிமை விண்ணப்பம் உருவாயிற்று. நான்கே கோரிக்கைகள். சபை சம்மதமின்றி வரியோ கடனோ இல்லை. காரணம் காட்டாமல் சிறை இல்லை. குடிமக்கள் வீட்டிலே படைவீரரைக் குடியேற்றக் கூடாது. அமைதிக் காலத்தில் படைச் சட்டம் கூடாது. 'மன்னரின் இறையாண்மைக்குப் பங்கமின்றி' என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாமே என்றது பிரபுக்கள் சபை. முடியாது என்றார் குக். உரிமைச் சாசனம் என்பது தனக்கு மேலே ஓர் எசமானனை ஏற்றுக்கொள்ளாது. அந்த ஒரு வரி சேர்ந்தால் அத்தனை வரியும் அழியும் என்று வாதாடினார். ஜூன் 5ஆம் நாள், விவாதத்தை நிறுத்தச் சொல்லி மன்னன் செய்தி அனுப்பியபோது, சபையிலே எழுந்த கிழவர் பேச முடியாமல் கண்ணீர் வழிய உட்கார்ந்துவிட்டார். மீண்டும் எழுந்தார். எல்லாத் தீமைக்கும் வேர் பக்கிங்காம் பிரபுதான் என்று பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினார். ஜூன் 7ஆம் நாள் மன்னன் இசைவு தந்தான்.

1634 செப்டம்பர் 3ஆம் நாள் குக் மறைந்தார். அவர் மரணப் படுக்கையில் கிடந்தபோது, அரசாங்கத்தின் ஆட்கள் வீட்டுக்குள் நுழைந்து அவருடைய கையெழுத்துப் படிகளை அள்ளிச் சென்றார்கள். உயிர் போகும் முன்பே ஏடுகள் சிறை போயின! ஏன்? சாகிற கிழவனுக்கு அஞ்சவில்லை. சாகாத எழுத்துக்கு அஞ்சினான் மன்னன். பிறகு பாராளுமன்றம் அந்த ஏடுகளை மீட்டு, 1642இலும் 1644இலும் அச்சேற்றியது. 1649 ஜனவரி 30ஆம் நாள் சார்லசு மன்னனின் தலை உருண்டது. 1679இல் ஆட்கொணர்வுச் சட்டம்; 1689இல் உரிமைச் சட்டம். கடல் கடந்து அமெரிக்காவில், விடுதலைப் போருக்கு எழுந்த வழக்கறிஞர்கள் குக்கின் நூல்களைப் படித்து வளர்ந்தவர்கள்.

நமக்கும் அந்த விதை வந்தது. இந்திய அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு, கைதுக்குக் காரணம் சொல் என்கிறது. 21ஆம் பிரிவு, சட்டத்தின் வழியன்றி உயிரையும் உரிமையையும் பறிக்காதே என்கிறது. ஆனால் காகிதத்தில் எழுதினால் போதுமா? 1976 ஜனவரி 31ஆம் நாள் தமிழகத்திலே கழக ஆட்சி கலைக்கப்பட்டது. மிசா என்ற சட்டத்தைக் காட்டித் தோழர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். சென்னை மத்திய சிறையிலே அடி உதை. அங்கே அடிபட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977இல் உயிர் நீத்தார். காரணம் என்ன என்று கேட்டால் சொல்ல வேண்டியதில்லை என்றது டில்லி. சார்லசு சொன்ன அதே சொல்!

1976 ஏப்ரல் 28ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனு போட உரிமையில்லை என்று நான்கு நீதிபதிகள் கூறினார்கள். உரிமை உண்டு என்று ஒரே ஒருவர் எழுதினார், அவர் எச்.ஆர். கன்னா. 1977 ஜனவரியில் தலைமை நீதிபதி பதவி அவருக்கு மறுக்கப்பட்டு, அவருக்கு இளையவருக்குக் கொடுக்கப்பட்டது. விலகினார். அன்று லண்டனில் பதினொன்றுக்கு ஒன்று. இங்கே நான்குக்கு ஒன்று. 2017இல் அதே உச்சநீதிமன்றம், அந்த நால்வர் தீர்ப்பு தவறு என்று ஒதுக்கித் தள்ளியது. ஒற்றை ஆளின் குரல் வெல்ல 41 ஆண்டு ஆயிற்று.

சரி, குக் சொன்னதே முழு உண்மையா? மன்னனுக்கு மேலே சட்டம் என்றாரே, அந்தச் சட்டத்தை எழுதியவன் யார்? நிலப்பிரபுவும் வழக்கறிஞனும். அது பாதி உண்மை. மீதிப் பாதி தொழிலாளிக்குத்தான் தெரியும். 1918இல் சென்னைப் பெரம்பூரிலே, பின்னி ஆலைத் தொழிலாளருக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. தொழிலாளர் பக்கம் நின்ற பி.பி. வாடியா மீது கம்பெனி வழக்குத் தொடுத்தது. வேலை ஒப்பந்தத்தை முறிக்கத் தூண்டினார் என்பது குற்றச்சாட்டு. உயர்நீதிமன்றம் தடையாணை தந்தது. தொழில் செய்யும் உரிமை என்ற அதே சீமைச் சட்ட மரபு, இங்கே முதலாளியின் கைத்தடியாக மாறிற்று! அந்த அடி வாங்கிய பிறகுதான் 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. வேலைநிறுத்தம் செய்த சங்கத்தை நட்ட ஈடு கேட்டு நசுக்க முடியாது என்ற பாதுகாப்பு கிடைத்தது. ஆட்சிக்கு மேலே சட்டம், சரி. சட்டத்துக்கு மேலே யார்? மக்கள்! அதைச் சேர்த்துச் சொன்னால்தான் வாசகம் முழுமை பெறும்.

கடைசியாக ஒன்று. இதைத்தான் இன்று நாம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

குக் காலத்திலே இங்கிலாந்தின் சட்டம் ஆங்கிலத்தில் இல்லை! சட்டப் புத்தகம் பிரெஞ்சில். நீதிமன்றப் பதிவேடு லத்தீனில். வெற்றிகொண்ட நார்மானியன் விட்டுச்சென்ற மொழி, ஐந்நூறு ஆண்டு கழித்தும் நீதிமன்றத்தை விட்டு நகரவில்லை. குக்கும் முதலில் தம் தீர்ப்புத் தொகுதிகளை அந்தப் பிரெஞ்சில்தான் எழுதினார். ஆனால் 1628இல், தம் பெரிய சட்ட நூலின் முதல் பாகத்தை ஆங்கிலத்தில் எழுதினார். எத்தொழில் செய்பவனும் எந்நிலையில் உள்ளவனும் படித்தால் புரிய வேண்டும் என்பது அவர் தந்த காரணம். சட்டம் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது என்கிறீர்களே, தெரியாத மொழியில் எழுதிவைத்தால் எப்படித் தெரியும்? 1731இல் பாராளுமன்றம் சட்டம் செய்து, 1733 முதல் நீதிமன்றங்களில் தாய்மொழியே வழங்க வேண்டும் என்றது.

தன் தாய்மொழியில் நீதி கேட்ட ஆங்கிலேயன், நமக்கு விட்டுச்சென்றது எது? ஆங்கிலத்தில் நீதி! அரசியல் சட்டத்தின் 348ஆம் பிரிவு, உயர்நீதிமன்ற மொழி ஆங்கிலம் என்கிறது. அதே பிரிவில் ஒரு சன்னலும் வைத்திருக்கிறது: குடியரசுத் தலைவர் இசைந்தால் மாநிலத்தின் மொழியையும் அனுமதிக்கலாம். அந்தச் சன்னல் வழியே ராஜஸ்தானில் 1950இலும், உத்தரப் பிரதேசத்தில் 1969இலும், மத்தியப் பிரதேசத்தில் 1971இலும், பீகாரில் 1972இலும் இந்தி உள்ளே போயிற்று. 2006இல் தமிழகச் சட்டமன்றம் தமிழுக்காகத் தீர்மானம் போட்டது. 1965இல் மத்திய அமைச்சரவைக் குழு செய்த ஒரு முடிவின்படி, தலைமை நீதிபதியைக் கேட்க வேண்டும் என்றார்கள். கேட்டார்கள். 2012இல் உச்சநீதிமன்ற நீதிபதிகள் கூடி மறுத்தார்கள். இந்தி போனபோது திறந்திருந்த சன்னல், தமிழ் வந்தபோது சாத்திக்கொண்டது!

'வெளிமாநில நீதிபதிகள் வருவார்களே, அவர்களுக்குத் தமிழ் தெரியுமா?' என்பார்கள். அலகாபாத்துக்கும் வெளிமாநில நீதிபதிகள்தானே போகிறார்கள்! அங்கே நடப்பது இங்கே நடக்காதா? ஆங்கிலத்தைத் துரத்து என்றா கேட்கிறோம்? அதன் பக்கத்திலே தமிழுக்கும் ஒரு நாற்காலி போடு என்கிறோம். 'சட்டச் சொற்கள் தமிழில் ஏது?' என்பார்கள். ஆங்கிலத்தில் மட்டும் இருந்ததா? கோர்ட்டு, ஜட்ஜு, ஜூரி, அட்டர்னி, அத்தனையும் பிரெஞ்சிலிருந்து வந்த சொற்கள்! வாங்கினான், வழங்கினான், வளர்த்தான். நமக்கோ அறம், முறை, வழக்கு, தீர்ப்பு என்று சொந்தச் சொற்களே இருக்கின்றன. 'தீர்ப்பைத் தமிழில் மொழிபெயர்த்துத் தருகிறோமே' என்பார்கள். நல்லது, வாங்கிக்கொள்கிறோம். ஆனால் விருந்து முடிந்த பிறகு என்ன சமைத்தார்கள் என்று பட்டியல் தருவது வேறு. பந்தியில் உட்காரவைப்பது வேறு.

கீழ்நீதிமன்றத்திலே தமிழில் சாட்சி சொல்கிறான் ஒரு விவசாயி. வழக்கு மேல்முறையீடாக உயர்நீதிமன்றம் போகிறது. அவன் சொன்னது ஆங்கிலமாகிறது. அதற்கும் அவன்தான் பணம் கட்டுகிறான். தன் நிலத்தைப் பற்றி, தன் கூலியைப் பற்றி, தன் மகனின் சிறையைப் பற்றி இரண்டு வழக்கறிஞர்கள் பேசுவதை, கடைசி வரிசையிலே நின்று, அவர்கள் முகத்தைப் பார்த்து, வென்றோமா தோற்றோமா என்று ஊகித்துக்கொண்டிருக்கிறான். குற்றம் சாட்டுபவனை என் கண்ணெதிரே கொண்டுவா என்று ராலே கேட்டார். எனக்காகப் பேசுகிறவன் என் காதுக்குப் புரியப் பேசட்டும் என்று இவன் கேட்கிறான். இதைவிடச் சின்னக் கோரிக்கை உண்டா? இதையும் மறுப்பதற்குப் பெயர் நீதியா?

தோழர்களே! குக் ஒரு தனி மனிதர், குறைகள் நிறைந்தவர். அவரைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டியதில்லை. ஆனால் அதிகாரம் 'நிறுத்து' என்று சொன்னபோது, பதினொரு பேர் தலையாட்டிய இடத்திலே தலையாட்டாமல் நின்றாரே, அந்த ஒரு நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். கிளைக் கூட்டத்திலே பேசுங்கள். சங்க வாயிலிலே பேசுங்கள். கைதுக்குக் காரணம் கேட்க உனக்கு உரிமையுண்டு என்று பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சொல்லிக்கொடுங்கள். உயர்நீதிமன்றத்தில் தமிழ் என்ற கோரிக்கையை வழக்கறிஞர்களின் விவகாரம் என்று ஒதுக்காதீர்கள்; கூலி வழக்குப் போட்டவன் எவனோ, அவனுடைய விவகாரம் அது.

மன்னர்கள் போய்விட்டார்கள். 'மன்னரின் தனிக் கட்டளை' போகவில்லை; அது பெயரை மாற்றிக்கொண்டு, கோப்புகளுக்குள்ளே குடியிருக்கிறது. காரணம் கேட்போம்! நம் மொழியில் கேட்போம்! பதில் வரும்வரை கேட்போம்!